பச்சைக் கேட் முன்னால் நின்ற வண்டி

அனதோலியோவின் சவப்பெட்டியை ஏற்றிக்கொண்டு தேவாலயத்திலிருந்து கல்லறைத் தோட்டத்துக்குக் கிளம்பிய வண்டி, வழியில் இருநூறு வீடுகள் இருக்க, ரொட்டிக்காரி பானிங்கின் பச்சைக் கேட்டுக்கு நேர் எதிரே நின்றுபோனது. பகல் இரண்டு மணி. இன்ஜின் ஒருமுறை குலுங்கி அணைந்தது. கூரைமேல் புதிதாக மாட்டியிருந்த ஸ்பீக்கர்களில் ஓடிக்கொண்டிருந்த பாடல் பாதி வரியில் அறுந்தது. பின்னால் குடைகளோடு நடந்து வந்த நூறு பேரும் ஒருவர்மேல் ஒருவர் இடித்துக்கொண்டு நின்றார்கள்.

ஓட்டுநர் சென்ஸ்யோவுக்கு அறுபது வயது. இருபத்தெட்டு வருடமாக இதே வேலை. ஒரு பிணத்தையும் நடுவழியில் நிறுத்தியதில்லை என்பதுதான் அவர் வெளியில் சொல்லிக்கொள்ளும் ஒரே பெருமை. டேஷ்போர்டுக்கு அடியில் தலையை விட்டுப் பார்த்தார். இன்ஜினுக்குப் போகும் ஃபியூஸ் கருகியிருந்தது. வேறொன்றைத் தேடி எடுத்து மாட்டுவதற்குப் பத்து நிமிடம் ஆனது.

அந்தப் பத்து நிமிடம்தான் ஊரைக் கெடுத்தது. வாசலில் ஒரு சாவு வண்டி அசையாமல் நின்றதைப் பார்த்துப் பானிங் வெளியே வந்தாள். கையெல்லாம் மாவு. சிலுவை போட்டுக்கொண்டாள். பிறகு ஏப்ரனால் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். அனதோலியோவின் மனைவி பசிலிசா நான்கடி தள்ளி நின்று அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அன்று அவள் ஒரு வார்த்தை பேசவில்லை. அவளுக்கும் சேர்த்து அவளுடைய இரண்டு தங்கைகள், ஒன்பது நாள் ஜெபத்துக்கு வந்தவர்களிடமெல்லாம் பேசினார்கள்.

அனதோலியோ சர்க்கரை ஆலையில் மெக்கானிக்காக இருந்தவர். பானிங்கின் அடுப்பை இரண்டுமுறை சரிசெய்து கொடுத்திருக்கிறார். இருபது வருடமாக விடியற்காலையில் அவள் கடையில்தான் ரொட்டி வாங்கினார். தான்ஹாய் ஊருக்கு இவ்வளவு போதும். செத்தவர் கடைசியாக ஒருமுறை அவளைப் பார்த்துவிட்டுப் போக வண்டியை நிறுத்தினார் என்று பேச்சாகிவிட்டது.

“ஃபியூஸ்தாம்மா போச்சு,” என்று சென்ஸ்யோ எல்லோரிடமும் சொல்லிப் பார்த்தார்.

“போச்சு, சரி,” என்றாள் மூத்த தங்கை. “அது ஏன் அங்க வந்து போகணும்? வழியெல்லாம் விட்டுட்டு?”

சென்ஸ்யோ கருகிய ஃபியூஸைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு கிளம்பினார்.

இந்த வண்டிக்கு சவுண்டு மாட்டியவர் எலூத்தேரியோ. ஊரில் தெர்யோ. வயது ஐம்பத்து மூன்று, முழங்கால்களுக்கு மட்டும் எழுபது. நெடுஞ்சாலை ஓரத்தில் அவருடைய ஒற்றை ஷட்டர் கடை. ஜீப்னி, வேன், ட்ரைசிக்கிள், கரும்பு லாரி என்று எது வந்தாலும் சவுண்டு மாட்டிக் கொடுப்பார். மாட்டுவது பெரிய வேலை இல்லை. மாட்டியதற்குப் பிறகு வருவதுதான் வேலை. அடுத்த ஒரு வருடத்துக்கு அந்த வண்டியில் எது கெட்டாலும் மாட்டியவன் தலையில்தான் விழும். வைப்பர் ஓடவில்லை என்று வருவார்கள். ஏ.சி. தண்ணீர் சொட்டுகிறது என்று வருவார்கள். போன மழைக்காலத்தில் ஒருவன் பஞ்சரான டயரோடு வந்து, “சவுண்டு போட்டதுலருந்துதான் நோங், காத்து நிக்க மாட்டேங்குது,” என்று அண்ணன் முறை வைத்துச் சொன்னான். தெர்யோ அவனோடு சண்டை போடவில்லை. சண்டை போடும் தெம்பெல்லாம் அவருக்கு நாற்பதிலேயே தீர்ந்துவிட்டது. பஞ்சர் கடை இருக்கும் திசையைக் கைகாட்டிவிட்டு உட்கார்ந்துகொண்டார்.

சவப்பெட்டிக் கடைக்காரி மினா ஆள் அனுப்பியபோது, இதுவும் அப்படி ஒன்று என்றுதான் போனார்.

“நோங் தெர்யோ, நீங்க கை வைக்கிற வரைக்கும் என் வண்டி ஒருநாளும் நின்னதில்ல,” என்றாள் மினா. பெட்டிகளுக்கு நடுவில் மேசை போட்டு உட்கார்ந்து, மதியச் சோறு சாப்பிட்டுக்கொண்டே பேசினாள்.

“எல்லாரும் சொல்றதுதான் மேடம்.”

“என் வண்டிய என்ன கல்யாணத்துக்கா எடுக்கறாங்க? நின்னா தள்ளிட்டுப் போறதுக்கு?”

தெர்யோ மீட்டரை எடுத்துக்கொண்டு வண்டிக்குப் போனார். அது பழைய டீசல் வேன். பேட்டரி சும்மா இருக்கும்போது பன்னிரண்டரை வோல்ட் காட்டியது. இன்ஜின் ஓடும்போது பதினான்கு. பாட்டை முழு சத்தத்தில் வைத்தார், விளக்குகள் எல்லாவற்றையும் போட்டார், ஏ.சி.யைப் போட்டார், அரை மணி நேரம் அப்படியே விட்டார். ஊர்வலத்தில் வண்டி ஆமைபோல் ஊர்வதால் கரண்டு போதாமல் போகிறதோ என்பது அவருடைய முதல் சந்தேகம். மீட்டர் அசையவில்லை. டேஷ்போர்டுக்குப் பின்னால் இருந்த ஒவ்வொரு ஒயரையும் பிடித்து ஆட்டிப் பார்த்தார். இன்ஜின் பூனைபோல் ஓடிக்கொண்டிருந்தது. சென்ஸ்யோவை ஓட்டச் சொல்லி ஊரை ஒரு சுற்று வந்தார்கள். எதுவும் ஆகவில்லை.

“வியாதிக்காரன் டாக்டரப் பார்த்ததும் எந்திரிச்சு உக்காந்துக்கற மாதிரி இருக்கு,” என்றார் சென்ஸ்யோ.

பத்து நாள் கழித்து வண்டி மறுபடி நின்றது. இந்தமுறை ஓய்வுபெற்ற ஒரு பள்ளி ஆசிரியையின் ஊர்வலம். முன்பு ஆலைக்குக் கரும்பு போன, இப்போது ரயில் ஓடாமல் கிடக்கும் தண்டவாளத்தைத் தாண்டும் இடம். அதே ஃபியூஸ். அந்த வீட்டார் நல்ல மனிதர்கள். “டீச்சர் எப்பவுமே கிளாசுக்கு லேட்டாத்தான் வருவாங்க,” என்று ஒருவர் சொல்ல, அழுதுகொண்டிருந்தவர்களும் சிரித்துவிட்டார்கள்.

மினா சிரிக்கவில்லை. “நோங், இன்னொரு தடவ நின்னா, உங்க ஸ்பீக்கர் பெட்டி, குழா எல்லாத்தையும் பிடுங்கி உங்க கடை வாசல்ல கொட்டிடுவேன்,” என்றாள்.

தெர்யோ அன்று பிற்பகல் முழுவதும் அந்த வண்டியோடு கிடந்தார். பேட்டரி முனைகளைச் சுரண்டித் துடைத்தார். சாவி ஸ்விட்சைக் கழற்றிப் பார்த்து மாட்டினார். கழுத்து திரும்பவில்லை. கடைசியில், இருக்கிற ஒரே வழி இதுதான் என்று, பின்னால் இருந்த ஆம்ப்ளிஃபயருக்கு வரும் தடித்த பவர் ஒயரை பேட்டரியிலிருந்தே கழற்றி, நுனியில் டேப் சுற்றி வைத்தார்.

“அடுத்த சாவுக்குப் பாட்டு கிடையாது,” என்று மினாவிடம் சொன்னார். “கைல ஒரு சின்ன ஸ்பீக்கர் வச்சுக்கங்க. நானும் கூட வரேன். பாட்டு இல்லாமயும் வண்டி நின்னா, அது என் தப்பு இல்ல.”

அடுத்து வந்ததும் அதற்கடுத்து வந்ததும் ஒல்லியான கிழவிகள். வண்டி நிற்கவில்லை. தெர்யோ இரண்டு ஊர்வலத்திலும் ஓட்டுநருக்குப் பக்கத்தில் மீட்டரை மடியில் வைத்துக்கொண்டு, தனக்குத் தெரியாத மனிதர்களுக்காகக் கல்லறைத் தோட்டம்வரை போய் வந்தார். மூன்றாவதாக இறைச்சிக் கடைக்காரர் ஒருவர் இறந்தார். அவர் பெட்டியைத் தூக்கப் பத்துப் பேர் தேவைப்பட்டார்கள். ஊர்வலம் ஆற்றுப் பாலத்தை நெருங்கியது. சாலையும் பாலமும் சேரும் இடத்தில் பின் சக்கரங்கள் ஏறி இறங்கின. இன்ஜின் அணைந்தது.

சென்ஸ்யோ ஸ்டீயரிங்கில் இருந்து கையை எடுத்தார். “பாட்டே இல்ல,” என்றார் மெதுவாக. “அப்பவும் நிக்குது.”

தெர்யோ கண்ணை மூடிச் சாய்ந்துகொண்டார். பல வாரங்களாக முதுகில் இருந்த ஏதோ ஒன்று இறங்கியதுபோல் இருந்தது. என் தப்பு இல்லை. பழைய வண்டி. இனி அது எந்த மெக்கானிக்கின் தலைவலியோ. அன்று மாலை மினாவும் அதை ஒப்புக்கொண்டாள். “சரி நோங், நான்தான் அவசரப்பட்டுட்டேன்,” என்றாள். அவள் வாயிலிருந்து அப்படி ஒரு வார்த்தை வருவது அபூர்வம்.

வீட்டுக்குப் போகும் வழியில் தெர்யோ பானிங்கின் கடையில் நின்றார். நாலரை மணிக்கு இரண்டாவது அடுப்பு ரொட்டி வெளிவரும், அப்போது கூட்டம் சாலைவரை நிற்கும் என்பது அவருக்குத் தெரியும். அன்று யாரும் இல்லை. கண்ணாடிப் பெட்டிக்குள் காலையில் சுட்ட பான் தெ சால் ரொட்டி பாதிக்கு மேல் அப்படியே இருந்தது.

“பத்து குடுங்க நாங் பானிங்,” என்றார், அக்கா முறை வைத்து.

“இருபதா எடுத்துக்க. இல்லேன்னா கோழிதான் திங்கப்போகுது.”

“ரெண்டாவது அடுப்பு போடலயா?”

“யாருக்குப் போட? உனக்கு விஷயமே தெரியாதா? நான் அனதோலியோவோட வைப்பாட்டியாம். அறுபத்து நாலு வயசுல.” அவள் ரொட்டியைக் காகிதப் பையில் போட்டுக்கொண்டே பேசினாள். “அந்த மனுஷன் என் அடுப்போட வாயத் தவிர வேற எதையும் நிமிந்து பார்த்ததில்ல. பசிலிசா தங்கச்சிங்க மார்க்கெட்ல என்னப் பார்த்தா துப்பறாளுங்க. ஜெபக் குழுவுலயும் என்னக் கூப்பிடறத நிறுத்திட்டாங்க.”

“அன்னிக்கு அழுதீங்களாமே.”

“வாசல்ல ஒரு சாவு வந்து பத்து நிமிஷம் நின்னா அழ மாட்டாங்களா? என் புருஷன் செத்தப்பக்கூட யாரும் அவ்வளவு நேரம் இங்க நிக்கல.”

தெர்யோ பையை வாங்கிக்கொண்டு திரும்பினார். அப்போது ஒரு ட்ரைசிக்கிள் கேட்டைக் கடந்து போனது. கேட்டுக்கு நேராகத் தண்ணீர்க் குழாய் பதித்து, மேலே சிமென்டை அள்ளிப் பூசி விட்டிருந்தார்கள். சாலையின் குறுக்கே ஒரு முழ அகலத்துக்கு மேடு. ட்ரைசிக்கிள் அதில் ஏறி, தூக்கிப் போட்டு, இறங்கியது. உள்ளே இருந்த பெண் ஓட்டுநரைத் திட்டினாள்.

தெர்யோ அந்த மேட்டையே பார்த்துக்கொண்டு நின்றார். இங்கே மேடு. அங்கே தண்டவாளம். இன்று பாலத்தின் முனை. அனதோலியோ கனத்த மனிதர். டீச்சரும் அப்படித்தான். இறைச்சிக் கடைக்காரரைச் சொல்லவே வேண்டாம். ஒல்லிக் கிழவிகளுக்கு வண்டி நிற்கவில்லை. கடையில் சோதித்தபோதெல்லாம் வண்டி காலி.

இன்னொன்றும் நினைவுக்கு வந்தது. அவர் கழற்றி வைத்தது தடித்த ஒயரை மட்டும். சாவியைப் போட்டதும் ஆம்ப்ளிஃபயரை எழுப்புவதற்கென்று முன்னாலிருந்து பின்னால்வரை போகும் மெல்லிய நீல ஒயர் ஒன்று உண்டு. அதை அவர் கழற்றவில்லை. அதில் இன்னும் கரண்டு ஓடிக்கொண்டிருக்கிறது. அது சவப்பெட்டி வைக்கும் பலகைக்கு அடியில்தான் போகிறது.

இதை அவர் யாரிடமும் சொல்ல வேண்டியதில்லை. மினாவே அவரை விட்டுவிட்டாள். அவர் ரொட்டியைத் தின்றுகொண்டே மிக மெதுவாக வீட்டுக்கு நடந்தார்.

மறுநாள் ஊரில் சாவு எதுவும் இல்லை. காலையில் ஆற்று மணல் நிரப்பிய எட்டு மூட்டைகளோடு தெர்யோ வந்து நின்றதைப் பார்த்து சென்ஸ்யோ வாயில் இருந்த சிகரெட்டை எடுத்தார்.

“மணலுக்கா இன்னிக்கு அடக்கம்?”

“ஏத்துங்க நோங். பெட்டி வைக்கிற இடத்துல வரிசையா வைங்க.”

“விட்டதுன்னு வீட்டுல படுத்துத் தூங்க வேண்டியதுதான, டோங்? மினாவே உன்ன விட்டுட்டா,” என்றார் சென்ஸ்யோ, தம்பியை அதட்டுவதுபோல்.

“தூக்கம் வரல.”

மூட்டைகளை ஏற்றியதும் தெர்யோவும் பின்னால் ஏறி, அவற்றுக்கு நடுவில் குப்புறப் படுத்து, காதைப் பலகையில் வைத்துக்கொண்டார். சென்ஸ்யோ தண்டவாளத்தை நோக்கி ஓட்டினார். பின் கண்ணாடி வழியாக இரண்டு வெறுங்கால்கள் தெரிந்தன. வழியில் ஒரு கிழவர் தொப்பியைக் கழற்றி நெஞ்சில் வைத்துக்கொண்டார். தண்டவாளத்தை மூன்றுமுறை கடந்தார்கள். ஒன்றும் ஆகவில்லை. பாலத்துக்குப் போகும் வழியில் மணலின் குளிர்ச்சிக்கும் இன்ஜினின் ஆட்டத்துக்கும் தெர்யோ தூங்கிப்போனார்.

“டோங், பேச்ச காணோமே. நிஜமாவே போயிட்டியா?”

“முழிச்சுத்தான் இருக்கேன். ஓட்டுங்க.”

பாலத்தின் முனையில் வண்டி ஏறி விழுந்தது. அவர் காதுக்கு அரை அடி தள்ளி, பலகைக்கு அடியில், சின்னதாக ‘டிக்’ என்று ஒரு சத்தம். இன்ஜின் அணைந்தது.

மூட்டைகளை இறக்கிப் பலகையைப் பிரித்தார்கள். பெட்டி உருளுவதற்காக அடித்திருந்த இரும்புச் சட்டத்தின் ஸ்க்ரூக்களில் ஒன்று மட்டும் மற்றவற்றைவிட நீளம். அதன் முனை பலகையைத் தாண்டி விரல்கடை அளவுக்குக் கீழே நீட்டிக்கொண்டிருந்தது. அதற்கு நேர் கீழே நீல ஒயர். ஒயரின் தோலில் எலி கடித்ததுபோல் குத்துக் காயங்கள், உள்ளே செம்பு பளபளத்தது. கனமான பெட்டி ஏறினால் பலகை தொய்யும். தொய்ந்த பலகை மேட்டில் ஒரு குதி குதித்தால் ஸ்க்ரூ ஒயரைத் தொடும். தொட்டால் ஃபியூஸ் போகும். மேட்டைத் தாண்டிய பிறகு எல்லாம் பழையபடி ஆகிவிடும்.

தெர்யோ அந்த ஸ்க்ரூவை அடையாளம் கண்டுகொண்டார். சவுண்டு மாட்டிய அன்று பலகையைத் திரும்பப் பூட்டும்போது ஒரு ஸ்க்ரூ உருண்டு சாக்கடையில் விழுந்தது. அவர் தன் டப்பாவில் கைவிட்டு, கிடைத்த ஒன்றை எடுத்து முடுக்கினார். நீல ஒயருக்கும் தனியாகக் கரண்டு எடுத்திருக்க வேண்டும். அதற்கு ஸ்டீயரிங் மூடியைக் கழற்ற வேண்டும், வெயில், முழங்கால் வலி. இன்ஜினுக்குப் போகும் ஒயர் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. அதிலேயே சேர்த்து முறுக்கிவிட்டார். தொழிலுக்குப் புதிதாக வந்தவனைக்கூட அவர் இதற்காகத் திட்டுவார்.

சென்ஸ்யோ குனிந்து பார்த்தார். நிமிர்ந்து அவரைப் பார்த்தார். “ஒயர மாத்து. ஸ்க்ரூவ ஆத்துல போடு. யாருக்குத் தெரியப்போகுது?”

“அங்க ஒருத்திக்கு ரொட்டி விக்கல நோங்.”

“அதுக்கு?”

“அது ஏன் அங்க போய் நின்னுச்சுன்னு கேட்டாங்கல்ல. இப்ப பதில் இருக்கு.”

மினா முழுவதையும் கேட்டாள். “நமக்குள்ள வச்சுக்கலாமே நோங்,” என்று முதலில் சொன்னாள். பிறகு தெர்யோவின் முகத்தைப் பார்த்து, “சரி, சொல்லுங்க. ஆனா உங்க பேரச் சொல்லுங்க. என் கடை பேர இழுக்காதீங்க,” என்றாள். வண்டியையும் கொடுத்தாள்.

ஒயரை மாற்றாமல், பலகையைப் பழையபடியே பூட்டிக்கொண்டு, அவர்கள் பசிலிசாவின் வீட்டுக்குப் போனார்கள். நாற்பதாம் நாள் ஜெபத்துக்கு இன்னும் மூன்று நாள்தான் இருந்தது. முற்றத்தில் பசிலிசாவும் தங்கைகள் இருவரும் பலகாரத்துக்கான ஒட்டரிசியைப் புடைத்துக்கொண்டிருந்தார்கள். தெர்யோ நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னார். தான் செய்ததையும் மறைக்கவில்லை.

“பானிங் எவ்வளவு குடுத்தா உனக்கு?” என்றாள் இளைய தங்கை.

“பத்து ரொட்டி கேட்டேன். இருபது குடுத்தாங்க.”

“பாத்தியா.”

“நீ சும்மா இரு,” என்றாள் பசிலிசா. முறத்தைக் கீழே வைத்தாள். “தெர்யோ, நீ சொல்றது எனக்குப் புரியல. ஒயரு, ஸ்க்ரூ எல்லாம் எனக்கு எதுக்கு? அவரு அந்த வாசல்லதான் நின்னாரு. அத நான் கண்ணால பார்த்தேன்.”

“வண்டி வெளிய நிக்குது நாங். நீங்க மூணு பேரும் பின்னால ஏறுங்க. நோங் சென்ஸ்யோவ ஓட்டச் சொல்றேன். அந்த வாசலுக்குப் போவோம்.”

“பொண வண்டியிலயா?” என்றாள் மூத்த தங்கை.

“உயிரோட இருக்கும்போது ஏறுனா ஆயுசு கூடும்னு வச்சுக்கங்க,” என்றார் சென்ஸ்யோ கதவுக்கு வெளியிலிருந்து.

பசிலிசா எழுந்து சேலைபோல் இடுப்பில் சுற்றியிருந்த துண்டை உதறிவிட்டு நடந்தாள். தங்கைகளுக்கு வேறு வழியில்லை. மூவரும் நல்ல கனமான பெண்கள். அவர்களோடு நான்கு மணல் மூட்டைகளையும் தெர்யோ திரும்ப ஏற்றி வைத்திருந்தார். பெட்டி வைக்கும் பலகையில் முழங்காலைக் கட்டிக்கொண்டு வரிசையாக உட்கார்ந்தார்கள். தெருவே வெளியே வந்து பார்த்தது. சிலர் கூடவே நடக்க ஆரம்பித்தார்கள்.

பச்சைக் கேட் வந்தது. வண்டி மேட்டில் ஏறி இறங்கியது. இன்ஜின் நிற்கவில்லை.

“ம்,” என்றாள் இளைய தங்கை.

தெர்யோவின் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. அவருக்கு வாதாட வரவில்லை. “நோங், பின்னால எடுத்து இன்னொரு தடவ போங்க,” என்று மட்டும் சொன்னார். சென்ஸ்யோ பின்னால் எடுத்தார். இந்தமுறை கொஞ்சம் வேகமாக வந்தார். முன் சக்கரங்கள் மேட்டைக் கடந்தன. பின் சக்கரங்கள் ஏறின. மூன்று பெண்களும் ஒன்றாகத் துள்ளி ஒன்றாகப் பலகையில் விழுந்தார்கள். ‘டிக்.’ வண்டி நின்றது. பச்சைக் கேட்டுக்கு நேர் எதிரே, அன்று நின்ற அதே இடத்தில்.

சென்ஸ்யோ டேஷ்போர்டின் அடியிலிருந்து கருகிய ஃபியூஸைப் பிடுங்கிப் பின்னால் நீட்டினார். பசிலிசா அதை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். அது அவள் சுண்டுவிரல் நகத்தைவிடக் கொஞ்சம்தான் பெரிது.

“இதுவா?”

“இதுதான் நாங். தப்பு என்னோடது. அவரு எங்கயும் நிக்கல. நான்தான் நிறுத்திட்டேன்.”

“முப்பத்தேழு நாளா அவர் படத்தத் திருப்பி வச்சிருக்கேன்,” என்றாள் பசிலிசா. “ஒரு மெழுகுவத்தி ஏத்தல. சோறு வைக்கல. தினமும் படுக்கப்போறப்ப திட்டிட்டுத்தான் படுப்பேன். ஒரு கம்பியோடயா நான் இத்தன நாளா சண்ட போட்டேன்?”

அவள் கத்தியிருந்தால் தெர்யோவுக்கு நன்றாக இருந்திருக்கும். அவள் கத்தவில்லை. ஃபியூஸை மூடிய கையில் வைத்துக்கொண்டு, பலகையிலிருந்து பின்பக்கமாகத் தடவித் தடவி இறங்கினாள்.

கேட் திறந்தது. பானிங் ஏப்ரனோடு வெளியே வந்து, வண்டியையும், அதிலிருந்து இறங்கிக்கொண்டிருந்த மூன்று பெண்களையும், சுற்றி நின்ற கூட்டத்தையும் பார்த்தாள்.

“இப்ப யாரு செத்தது?” என்றாள்.

“யாரும் இல்ல,” என்றாள் பசிலிசா. “வண்டிதான் நின்னுடுச்சு. இந்த மேட்டுல ஏறுனா நிக்குது.”

தெர்யோ முன்னால் வந்து, எல்லோருக்கும் கேட்கும்படி இன்னொருமுறை சொன்னார். அவர் குரல் அவ்வளவு பெரியதில்லை. கூட்டம் காதைக் கொடுத்துக் கேட்டது. “அப்ப அது நீதானா தெர்யோ?” என்று யாரோ ஒருவர் கேட்டார். “நான்தான்,” என்றார் தெர்யோ. பானிங் அவரைப் பார்த்த பார்வையில் கோபம்தான் இருந்தது. நேற்று இருபது ரொட்டி கொடுத்த கை இடுப்பில் ஊன்றியிருந்தது.

பசிலிசா கேட்டருகே போனாள். “பானிங், வெள்ளிக்கிழம நாப்பதாம் நாள். முந்நூறு ரொட்டி வேணும்.”

“ரொட்டி இருக்கு.”

“நான் உன்னப் பத்தி… நானும் இவளுங்களும்…”

“ரொட்டி இருக்குன்னு சொல்லிட்டேன் பசிலிசா. மத்தது எதுவும் இப்ப என்கிட்ட இல்ல.”

அவள் உள்ளே போய்க் கேட்டை மூடிக்கொண்டாள். பசிலிசா தங்கைகளை அழைத்துக்கொண்டு வீட்டுக்கு நடந்தே போனாள். வண்டியில் ஏறவில்லை.

தெர்யோ இரண்டு நாள் கடையைத் திறக்காமல் அந்த வேனைப் பிரித்து மாட்டினார். நீல ஒயரை வேறு இடத்திலிருந்து எடுத்து, அதற்கென்று தனி ஃபியூஸ் வைத்து, கூரையோரமாகக் கொண்டுபோனார். பலகையின் எல்லா ஸ்க்ரூக்களையும் ஒரே அளவில் புதிதாகப் போட்டார். சென்ஸ்யோ பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொன்றையும் அளந்து பார்த்து, “இது அரை நூல் நீளமா இருக்கே டோங்,” என்று உயிரை எடுத்தார். சவுண்டுக்குச் சொல்லி வைத்திருந்த ஒரு ஜீப்னிக்காரன் வராமலே போனான். வேறொருவன், பிணத்தையே நடுரோட்டில் நிறுத்தியவரைப் பார்க்க வேண்டும் என்று வந்து, பார்த்துவிட்டு, நாளைக்கு வருவதாகச் சொல்லிப் போனான்.

வெள்ளிக்கிழமை ஜெபத்துக்குப் பானிங்கின் முந்நூறு ரொட்டியும் சூடாக வந்து சேர்ந்தன. அவள் வரவில்லை. பசிலிசாவின் மூத்த தங்கை அந்த ரொட்டியைத் தட்டில் அடுக்கி, யார் சுட்டது என்று கேட்காதவர்களிடமும் சொல்லிக்கொண்டே பரிமாறினாள். ஒரு வாயால் பரப்பியதை அதே வாயால் திரும்ப அள்ள அவளுக்கு நாளாகும் என்று தெர்யோ நினைத்துக்கொண்டார். மார்க்கெட்டில் துப்புவது நின்றது. பானிங் நாலரை மணி அடுப்பை மறுபடி பற்றவைக்க இன்னும் ஒரு மாதம் ஆனது. ஜெபக் குழுவிலிருந்து அழைப்பு வந்தபோது, வேலை இருக்கிறது என்று சொல்லி அனுப்பிவிட்டாள். பசிலிசா இப்போது தினமும் காலையில் அவளிடம்தான் ரொட்டி வாங்குகிறாள். எத்தனை என்று ஒருத்தி சொல்வாள், இன்னொருத்தி எண்ணிப் போடுவாள். அதற்கு மேல் அவர்களுக்குள் பேச்சு இல்லை.

அடுத்து வந்த கனத்த சாவு ஒரு கரும்புக் கங்காணியுடையது. மினா கூப்பிடாமலே தெர்யோ போய் முன் இருக்கையில் உட்கார்ந்துகொண்டார். பாட்டு தெளிவாகக் கேட்டது. பச்சைக் கேட், தண்டவாளம், பாலம் மூன்றையும் வண்டி தாண்டியது. பாலத்தைத் தாண்டியதும் சென்ஸ்யோ அவரைத் திரும்பிப் பார்த்துத் தலையை ஆட்டினார். தெர்யோ கல்லறைத் தோட்டம்வரை போகவில்லை. வண்டியின் வேகமே நடை வேகம்தான். கதவைத் திறந்து இறங்கி, ஊர்வலம் முழுவதும் தன்னைக் கடந்து போகும்வரை ஓரமாக நின்றார்.

கடைக்குத் திரும்பியபோது ஷட்டர் முன்னால் ஒரு வேன் காத்திருந்தது. சவுண்டு போட்டதிலிருந்து ஒருபக்க இண்டிகேட்டர் எரியவில்லை என்றான் வேன்காரன்.

“எரியாது,” என்றார் தெர்யோ. “நாளைக்குக் காலைல எடுத்துட்டு வாங்க. நான் மாட்டினதையும் சேர்த்துப் பிரிச்சுப் பார்த்துடலாம்.”

அவன் போனதும் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, பெஞ்சில் இருந்த ஒயர்ச் சுருள்களை ஒதுக்கி, முழங்காலை நீட்டிப் படுத்துக்கொண்டார்.